தலைகளை எண்ணினால் போதுமா?
நகரின் மக்கள்தொகையும் வரி வருவாயும்: விளையாட்டு கற்பிக்கும் பாடம்

மக்கள் பெருகினால் வரி பெருகும். வரி பெருகினால் நகரம் செழிக்கும். இவ்வாறு ஒருவர் கூறினால் நாம் உடனே தலையசைத்து விடுவோம். பத்துப் பேர் தலைக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் பத்து ரூபாய். நூறு பேர் கொடுத்தால் நூறு ரூபாய். இதில் ஐயத்துக்கு என்ன இடம் உண்டு? ஆனால் இது உண்மையானால், உலகில் மக்கள் மிகுந்த நகரங்கள் எல்லாம் செல்வம் மிகுந்த நகரங்களாகவும் இருக்க வேண்டுமே! அப்படி இல்லை என்பது நாம் கண்கூடாகக் காணும் உண்மை. அவ்வாறாயின் அந்த எளிய கணக்கில் எங்கோ ஒரு படி விட்டுப் போயிருக்கிறது. அது எது?

இவ்வினாவுக்கு விடை தேடக் குடிமையியல் நூலுக்குப் போகலாம். பொருளியல் நூலுக்கும் போகலாம். நாமோ இம்முறை கணிப்பொறி விளையாட்டுகளிடம் போவோம். "ஆண்டு மலரில் விளையாட்டா?" என்று பெற்றோர் புருவத்தை உயர்த்த வேண்டாம். சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. ஆடுபவரை அரசராகவோ மேயராகவோ அமர்த்தி, வரவையும் செலவையும் கையில் கொடுத்து, "இனி உன் மக்களை நீ காப்பாற்று" என்று சொல்லும் விளையாட்டுகள் சில உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆசிரியை படைத்த அரசு

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி ஒரு பள்ளி ஆசிரியையின் படைப்பு என்பது நம் போன்ற மாணவியருக்குப் பெருமை தரும் செய்தி. அவர் பெயர் மேபல் ஆடிஸ். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். 1960-களில் வெஸ்ட்செஸ்டர் மாவட்டக் கல்வித் துறையினரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் இணைந்து, கணிப்பொறியைக் கொண்டு பாடம் கற்பிக்க இயலுமா என்று ஆராய்ந்தனர். அம்முயற்சிக்காக அவர் எழுதியதே 'சுமேரிய விளையாட்டு'. 1964-இல் ஆறாம் வகுப்பு மாணவர்கள் அதை ஆடினர். அக்காலக் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். ஆடுபவர் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியின் முன் அமர்வார். அறுவடையான தானியத்தில் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று பங்கிட்டு எழுதுவார். விளைவைப் பொறி காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும். பண்டைய லகாஷ் நகரின் ஆட்சியாளர் பொறுப்பு அந்தச் சிறுவர் சிறுமியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்கருத்தைத் தழுவி 1968-இல் டக் டைமென்ட் என்பவர் சிறியதொரு நிரல் எழுதினார். டேவிட் ஆல் என்பவர் அதைப் பேசிக் என்னும் கணிப்பொறி மொழியில் மாற்றி, 1973-இல் விளையாட்டு நிரல்களின் தொகுப்பு நூலொன்றில் வெளியிட்டார். 'ஹமுராபி' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அதன் விதிகள் மிக எளியவை. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நாமே கணக்கிட்டு விடலாம்.

வாயும் கையும்

ஹமுராபியில் ஆட்சி தொடங்கும்போது நகரில் 100 பேர் இருக்கின்றனர். நிலம் 1,000 ஏக்கர். களஞ்சியத்தில் 2,800 புஷல் தானியம் உள்ளது. புஷல் என்பது நம் மரக்காலைப் போல ஒரு முகத்தல் அளவை. ஒருவர் ஓராண்டு உயிர்வாழ 20 புஷல் வேண்டும். ஒருவரால் 10 ஏக்கர் உழ முடியும். ஒரு புஷல் விதை இரண்டு ஏக்கருக்குப் போதும். விளைச்சல் ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை, ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இனி ஒரு குடிமகனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர் 10 ஏக்கர் உழுகிறார். ஏக்கருக்கு 3 புஷல் விளைந்தால் 30 புஷல். அதில் விதைக்கு 5, அவர் உணவுக்கு 20. மீதம் 5 புஷல். இந்த 5 புஷல்தான் அரசின் உண்மையான வருவாய். நூறு பேருக்கும் சேர்த்து ஓராண்டில் 500 புஷல். அடுத்த ஆண்டு விளைச்சல் 2 புஷலாகக் குறைந்தால்? வரவு 20, செலவு 25. ஒவ்வொரு குடிமகனாலும் களஞ்சியத்துக்கு 5 புஷல் நட்டம். அதே மக்கள், அதே உழைப்பு. ஆனால் வருவாய் போய் இழப்பு வந்துவிட்டது.

இப்போது நகருக்கு மேலும் 20 பேர் வருகின்றனர் என்று கொள்வோம். நிலம் பழைய 1,000 ஏக்கரேதான். உழ நிலம் இல்லாததால் புதியவர்கள் சும்மா இருக்க வேண்டியதாகிறது. விளைச்சல் 3 என்றே வைத்தாலும் வரவு அதே 3,000 புஷல். செலவோ உணவுக்கு 2,400, விதைக்கு 500, ஆக 2,900. மீதம் 100 மட்டுமே. மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. வருவாயோ 500-லிருந்து 100-க்கு இறங்கியது! அந்த 20 பேருக்கும் தலைக்கு 10 ஏக்கர் கிடைத்திருந்தால் மீதம் 600 ஆகியிருக்கும்.

புதியவர்கள் சோம்பேறிகள் என்று எவரேனும் சொல்வாரா? சொல்ல இயலாது. வாயோடு வந்தவர்கள் கையோடும்தான் வந்தார்கள். அந்தக் கைக்கு வேலை தர ஆட்சியாளர் ஏற்பாடு செய்யவில்லை. நிலம் வாங்கலாமே என்றால், அதன் விலை ஏக்கருக்கு 17 முதல் 26 புஷல் வரை. விலை 20 என்றால், நூறு பேர் ஓராண்டு முழுதும் மிச்சம் பிடித்த 500 புஷலுக்கு 25 ஏக்கர்தான் கிடைக்கும். அது இரண்டரைப் பேருக்குத்தான் போதும். ஆகவே மக்கள் வந்த பிறகு ஓடி ஓடி நிலம் தேடுபவர் தோற்பார். முன்கூட்டியே சிந்தித்தவர் வெல்வார்.

இவ்விளையாட்டில் நம் மனத்தைத் தொடுவது அதன் முடிவுரை. பத்தாண்டு ஆட்சி முடிந்ததும் ஆட்சியாளருக்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது. களஞ்சியத்தில் எவ்வளவு குவித்தாய் என்று அது கேட்பதே இல்லை! ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு எத்தனை பேர் பசியால் இறந்தனர், முடிவில் தலைக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. ஒரே ஆண்டில் நூற்றுக்கு 45-க்கு மேற்பட்டோர் பட்டினியால் இறந்தால், பத்தாண்டு வரை காத்திராமல் ஆட்சியாளரை அப்போதே விரட்டி விடுகிறது.

மேயர் நாற்காலி

சுமேரியாவில் வரி தானியமாக வந்தது. நாணயமாக வசூலிக்கும் நகரத்தைக் காண 1989-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு வெளிவந்த 'சிம்சிட்டி' என்னும் விளையாட்டில் ஆடுபவரே மேயர். இதை உருவாக்கியவர் வில் ரைட். இதற்கு முன் அவர் செய்த ஒரு போர் விளையாட்டில் எதிரியின் தீவுகளைக் குண்டு வீசி அழிக்க வேண்டும். அத்தீவுகளில் சாலையும் கட்டடமும் அமைக்கும் வேலை, அவற்றை அழிப்பதைவிட இன்பமாக இருப்பதை அவர் கண்டார். அந்த உணர்விலிருந்தே நகரம் அமைக்கும் விளையாட்டு பிறந்தது. நகரங்கள் வளர்வதையும் தேய்வதையும் கணித வடிவில் விளக்கிய பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் 1969-ஆம் ஆண்டு நூலும் அவருக்குத் துணையாயிற்று.

எளிய நிலையில் மேயருக்கு 20,000 டாலர் கிடைக்கும். நடு நிலையில் 10,000. கடின நிலையில் 5,000. அதைக் கொண்டு மின் நிலையம் அமைத்து, சாலை போட்டு, குடியிருப்பு, வணிகம், தொழில் என மூவகை மனைகளை வகுக்க வேண்டும். மேயர் வீடு கட்டுவதில்லை. மனையை வகுத்து மின்சாரமும் சாலையும் கொடுத்தால், மக்கள் தாமாக வந்து கட்டிக்கொள்வர். பிடிக்கவில்லையெனில் தாமாகவே போய்விடுவர். ஆண்டு முடிந்ததும் வரி வசூலாகும். வரவுசெலவுத் திட்டம் மேயரின் முன் வைக்கப்படும். இங்கு வசூலிக்கப்படுவது நம் ஊரில் நகராட்சி வாங்கும் வீட்டு வரியை ஒத்த சொத்து வரி.

மூன்று எண்களின் பெருக்கல்

இவ்விளையாட்டின் நிரல் 2008-இல் 'மைக்ரோபொலிஸ்' என்ற பெயரில் எவரும் படிக்கும்படி பொதுவில் வெளியிடப்பட்டது. ஆகவே வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை; வாய்பாட்டையே பார்த்துவிடலாம்.

முதலில் மக்கள்தொகை. திரையில் காட்டப்படும் 160 பேரை நிரல் ஓர் அலகாகக் கொள்கிறது. அடுத்து நகரின் சராசரி நில மதிப்பு. இவ்விரண்டையும் பெருக்கி 120-ஆல் வகுக்க வேண்டும். வந்த விடையை வரி விகிதத்தால் பெருக்க வேண்டும். இறுதியாக, எளிய நிலையானால் 1.4, நடு நிலையானால் 1.2, கடின நிலையானால் 0.8 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நகரில் 96,000 பேர் வாழ்கின்றனர். அதாவது 600 அலகு. சராசரி நில மதிப்பு 60. வரி விகிதம் 7. எளிய நிலை. 600-ஐ 60-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 300. அதை 7-ஆல் பெருக்கினால் 2,100, 1.4-ஆல் பெருக்கினால் 2,940. ஆண்டு வருவாய் 2,940 டாலர்.

மக்கள்தொகையை இரட்டிப்பாக்குவோம். 1,92,000 பேர்; 1,200 அலகு. அவர்களை நெருக்கடியான, புகை சூழ்ந்த மனைகளில் அடைத்ததால் நில மதிப்பு 30 ஆகிவிட்டது என்று கணக்குக்காகக் கொள்வோம். 1,200-ஐ 30-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் மீண்டும் அதே 300. வருவாயும் அதே 2,940! இரு மடங்கு மக்கள் வந்தும் ஒரு டாலர்கூட உயரவில்லை. மாறாக, மக்கள் பழைய 96,000 பேராகவே இருக்க, நில மதிப்பு மட்டும் 90-க்கு உயர்ந்தால் வருவாய் 4,410 ஆகும். புதிதாக ஒருவர்கூட வராமலே பாதிப் பங்கு கூடுதல்.

தொடக்கத்தில் நாம் தேடிய, விட்டுப்போன படி இதுவே. வருவாய் என்பது தலைகளின் கூட்டல் அன்று; தலைகளின் எண்ணிக்கையும் அவர்கள் வாழும் இடத்தின் தரமும் விகிதமும் சேர்ந்த பெருக்கல். கூட்டலில் ஓர் எண் குறைந்தால் மற்றொன்று ஈடு செய்யும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் எல்லாமே பூச்சியம்.

நில மதிப்பை உயர்த்துவது எது? நிரலின்படி, நகர மையத்துக்கு அருகில் இருப்பது மதிப்பைக் கூட்டும். மரங்களும் நீர்நிலையும் சூழ்ந்திருப்பது கூட்டும். மாசு குறைக்கும். குற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதுவும் குறைக்கும். குற்றமோ நெருக்கத்தில் வளர்கிறது. காவல் நிலையத்தின் அருகில் தணிகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு சுழல்கின்றன. நெருக்கம் குற்றத்தை வளர்க்க, குற்றம் மதிப்பைக் குறைக்க, மதிப்புக் குறைவு வரியைக் குறைக்க, வரிக் குறைவால் காவல் நிலையம் மூடப்பட, குற்றம் மேலும் வளர்கிறது.

விகிதத்தை உயர்த்தினால் என்ன?

"மூன்று எண்களின் பெருக்கல்தானே? மக்களையும் மதிப்பையும் உயர்த்துவது கடினம். விகிதம் நம் கையில் இருக்கிறது. 7-ஐ 14 ஆக்கிவிட்டால் வருவாய் இரட்டிப்பாகுமே!" என்று ஒரு மாணவி கேட்கலாம். நல்ல கேள்வி. முதலாண்டில் அவள் சொல்வது நடக்கும். 2,940 டாலர் 5,880 டாலராகும். மேயர் மகிழ்வார். ஆனால் மக்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

நகரில் குடியேறும் ஆர்வத்தை அளக்க நிரலில் ஓர் அட்டவணை இருக்கிறது. விகிதம் 7 என்றால் அதன் மதிப்பெண் 0. மக்களைக் கவர்வதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. வரியே இல்லையெனில் 200 கூடும். 8 என்றால் 10 குறையும். 9 என்றால் 40. 10 என்றால் 100. 14 என்றால் 300. உச்ச விகிதமான 20 என்றால் 600 குறையும். இந்த எண்களை உற்று நோக்குவோம். 7-லிருந்து 8-க்குப் போகும்போது இழப்பு வெறும் 10. 9-லிருந்து 10-க்குப் போகும்போது இழப்பு 60. சிறு உயர்வை மக்கள் பொறுத்துக்கொள்கின்றனர். ஓர் அளவைத் தாண்டியதும் பொறுமை விரைவாகக் கரைகிறது. கடின நிலையில் இந்த அட்டவணை இரண்டு படி முன்னதாகவே வேலை செய்கிறது. அங்கு 7 விதித்தால் 9 விதித்தது போலவே மக்கள் உணர்கின்றனர்.

14 விழுக்காடு நீடித்துச் சில ஆண்டுகளில் பாதிப் பேர் வெளியேறி, நில மதிப்பு 60-லிருந்து 45-க்கு இறங்கியது என்று கணக்குக்காகக் கொள்வோம். 300 அலகை 45-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 112. அதை 14-ஆலும் 1.4-ஆலும் பெருக்கினால் சுமார் 2,200 டாலர். விகிதம் இரட்டிப்பாயிற்று, வருவாயோ பழைய 2,940-க்கும் கீழே போயிற்று. முதலாண்டின் 5,880-ஐக் கண்டு மகிழ்ந்தவர், உண்மையில் விதைநெல்லை விற்ற பணத்தை எண்ணி மகிழ்ந்தவரே.

எனினும் வரியே வேண்டாம் என்பதும் பாடம் அன்று. விகிதத்தைப் பூச்சியமாக்கினால் மக்கள் திரண்டு வருவர். ஆனால் பெருக்கலில் ஓர் எண் பூச்சியமானதால் கருவூலம் வெறுமையாகும். சாலை உடையும், தீயணைப்பு நிலையம் மூடப்படும், திரண்டு வந்தவர்கள் திரண்டே போவர்.

செலவுப் பக்கம்

வரவைப் பார்த்துவிட்டோம், இனிச் செலவு. சிம்சிட்டியில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் ஆண்டுக்கு 100 டாலர் கொடுக்க வேண்டும். சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் அவற்றின் நீளத்துக்கு ஏற்பப் பராமரிப்புச் செலவு உண்டு. ஒரே நீளத்துக்கு இருப்புப் பாதைக்குச் சாலையைப் போல இரு மடங்கு. நகரம் அகலப் பரந்து கிடந்தால் சாலை நீளும், செலவும் நீளும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய பேருண்மை ஒன்று உண்டு. மக்கள் குறைந்தால் வருவாய் உடனே குறைகிறது. ஆனால் சாலையின் நீளம் குறைவதில்லை. நூறு வீடுகளுக்குப் போட்ட சாலையில் இருபது வீடுகளே எஞ்சினாலும் சாலை அதே சாலைதான். வளரும் நகரத்தில் செலவு வரவைத் தொடர்ந்து வருகிறது. தேயும் நகரத்தில் வரவு ஓடிவிடுகிறது. செலவு மட்டும் பின்தங்கி நிற்கிறது.

மெய்யான ஒரு நகரத்தின் கதை

சிம்சிட்டியில் பெயர் பெற்ற நகரங்கள் சிலவற்றை இடர்ப்பட்ட நிலையில் ஏற்று ஆளும் பகுதியும் உண்டு. அவற்றுள் ஒன்று 1972-ஆம் ஆண்டின் டெட்ராய்ட். பத்தாண்டுக்குள் குற்றங்களைக் குறைக்க வேண்டும் என்பது மேயருக்கு இடப்படும் பணி. உண்மையான டெட்ராய்ட் நகரமோ விளையாட்டைவிட நெடிய பாடத்தைக் கற்றது.

அமெரிக்காவின் மோட்டார் வாகனத் தொழிலுக்குத் தலைநகரம் எனப் புகழ்பெற்ற அந்நகரில் 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18,49,568 பேர் வாழ்ந்தனர். பின்னர்த் தொழிற்சாலைகள் வெளியே இடம்பெயர்ந்தன. வசதி படைத்த குடும்பங்கள் புறநகர்களுக்குச் சென்றன. இன வேற்றுமை அந்தப் பிரிவை ஆழமாக்கியது. 2010-இல் மக்கள்தொகை 7,13,777. அறுபதாண்டில் பத்தில் ஆறு பேருக்கு மேல் குறைந்துவிட்டனர். நகரின் பரப்போ அதேதான். சுமார் 360 சதுர கிலோமீட்டர். சாலையும், குழாயும், தெருவிளக்கும் பழைய பதினெட்டு லட்சம் பேருக்காகப் போடப்பட்டவை.

1962-இல் நகர வருமான வரி வந்தது. சொத்து வரி சட்டம் அனுமதித்த உச்சம் வரை ஏறியது. எஞ்சியிருந்தவர்கள், போனவர்களின் பங்கையும் சேர்த்துச் சுமந்தனர். இறுதியில் 2013 ஜூலையில், சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் நகரம் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க நகரம் ஒன்று கொடுத்த திவால் மனுக்களில் அதுவரை அதுவே மிகப் பெரியது. அப்போது தெருவிளக்குகளில் நூற்றுக்கு 40 எரியவில்லை. அந்த இருட்டில் நடந்தவர்கள் யார்? நகரை விட்டுப் போக வசதி இல்லாதவர்கள், முதியோர், ஏழைகள், தம் ஊரை விட்டுப் போக மனம் இல்லாதவர்கள். திவாலுக்குப் பின், ஓய்வூதியம் பெற்று வந்த நகரப் பணியாளர் பலரின் தொகையும் குறைக்கப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016 இறுதிக்குள் சுமார் 65,000 புதிய தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. 2023-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில், 1957-க்குப் பிறகு முதன்முறையாக அந்நகரின் மக்கள்தொகை சற்றே உயர்ந்தது. முதலில் விளக்கு எரிந்தது. பிறகு மக்கள் திரும்பினர். இதற்கு விளக்கு மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆயினும் வாழத்தக்க தெருவை நோக்கித்தான் மக்கள் வருவர் என்பதில் ஐயமில்லை.

விளையாட்டு சொல்லாதவை

விளையாட்டைப் புகழ்ந்த நாம் அதன் குறைகளையும் சொல்லிவிடுவதே நேர்மை. மேயரின் கணக்கில் மக்கள் அலகுகளாக மட்டுமே தோன்றுகின்றனர். 160 பேருக்கு ஓர் அலகு. அதில் குழந்தை எது, தாய் எது, நோயாளி எது என்ற வேறுபாடு கிடையாது. நகரை விட்டுப் போகும் அலகு எங்கே போகிறது என்று விளையாட்டு கேட்பதில்லை. மெய்யான வாழ்வில் அது ஒரு குடும்பம். வேறோர் ஊரில் வாடகை வீடு தேடி அலையும் குடும்பம்.

இன்னொன்றும் உண்டு. நிரலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் இயற்கை விதித்ததன்று. ஒரு மனிதர் தேர்ந்தெடுத்தது. 7 விழுக்காட்டில் மக்கள் நிறைவடைவர் என்பது வில் ரைட்டும் அவர் தோழர்களும் வகுத்த விதி. வேறொருவர் நிரல் எழுதியிருந்தால் அது 5 ஆகவோ 10 ஆகவோ இருந்திருக்கும். ஃபாரஸ்டரின் நூலிலும், ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டுவது நகருக்கு நன்மை தராது என்ற முடிவு வந்தபோது, அவர் தொடக்கத்தில் கொண்ட எடுகோள்கள் சரியா என்று பலர் வினவினர். எந்தக் கணக்கையும் நம்புமுன், அதற்குள் யார் எந்த எண்ணை வைத்தார் என்று கேட்கப் பழக வேண்டும். இது கணிப்பொறிக்கு மட்டுமன்று. செய்தித்தாளில் வரும் புள்ளிவிவரத்துக்கும் பொருந்தும்.

1989-ஆம் ஆண்டுச் சிம்சிட்டியில் மருத்துவமனையும் ஆலயமும் குடியிருப்புகளின் நடுவே தாமாகவே தோன்றும்; மேயர் அவற்றைக் கட்ட முடியாது. பள்ளியைக் கட்டவோ அந்த விளையாட்டில் வழியே இல்லை! 1993-இல் வந்த 'சிம்சிட்டி 2000' என்னும் அடுத்த விளையாட்டில்தான் பள்ளியும் கல்லூரியும் மேயரின் பொறுப்பாயின. பள்ளிக்குச் செலவிட்ட பணம் அவ்வாண்டு வரியாகத் திரும்பாது. குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னரே நகரின் கல்வித் தரம் உயரும். பொறுமையற்ற மேயர்களுக்குப் பள்ளி வீண்செலவாகத் தோன்றும். நெடுநோக்கு உடையவர்களுக்கோ அதுவே விதைநெல்.

நாம் கற்றுக்கொள்வது

ஆகவே அன்பு மாணவியரே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மக்கள்தொகை வரி வருவாயை உயர்த்துமா? உயர்த்தும், வந்தவரின் கைக்கு வேலையும், தலைக்கு மேல் நல்ல கூரையும், தெருவில் அச்சமின்றி நடக்கும் அமைதியும் இருந்தால். அவை இல்லையெனில் அதே மக்கள்தொகை வருவாயைத் தின்றுவிடும். குற்றம் மக்களுடையதன்று, அவர்களை வெறும் தலைகளாக எண்ணிய ஆட்சியாளருடையது.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டை ஆடும்போது, ஓர் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து, "இந்த ஆண்டு ஏன் வரி குறைந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல முயலும் பிள்ளை வரவு செலவையும், காரண காரியத்தையும், பிறர் நலனையும் ஒருங்கே சிந்திக்கத் தொடங்கும். அவ்வாறு கேட்க யாரும் இல்லாதபோதுதான் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காகி விடுகிறது.

நாளை நம்முள் சிலர் ஊராட்சித் தலைவியாகலாம், நகராட்சி ஆணையராகலாம், மேயராகவும் ஆகலாம். எல்லாருமே வரி செலுத்தும் குடிமக்கள் ஆவோம் என்பது உறுதி. அன்று நம் முன் ஒரு வரவுசெலவுத் திட்டம் வைக்கப்பட்டால், அதன் எண்களுக்குப் பின்னால் நிற்கும் முகங்களைக் காணும் கண் நமக்கு வேண்டும். ஆறாம் வகுப்புச் சிறுவர் சிறுமியரிடம் ஒரு நகரத்தை ஒப்படைத்தபோது மேபல் ஆடிஸ் அவர்களை முதலில் கேட்டதும் இதுதான்: உன் மக்கள் உண்ண இவ்வாண்டு எவ்வளவு தருவாய்? அந்தக் கேள்வியை மறவாதவர்களாக நாம் வளர்வோமாக.